பட்டியலில் மூன்றாவது காரணம்

அந்த அலுவலகத்தில் அவளுக்குக் குடைச்சல் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. அதை யாரும் வாய் திறந்து கூப்பிட்டதில்லை. "குடைச்சல் வந்தாச்சா?", "இதைக் குடைச்சல்கிட்ட காட்டினீங்களா?" என்று முதலாளியிலிருந்து தரை துடைக்க வருகிற அம்மா வரைக்கும் அதே பேச்சுதான். அவளுக்கு இதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. எல்லோரும் தலையாட்டிவிட்டு எழுந்திருக்கிற நேரம் பார்த்து, "ஒரு நிமிஷம், இது எதுக்கு இப்படி இருக்கு?" என்று கேட்கிற ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? நாற்பத்திரண்டு வயதில், மென்பொருள் எழுதுவதில் பதினாறு வருஷத்தைக் கழித்திருந்தாள். அந்தப் பதினாறு வருஷமும் இந்தக் கேள்வியைக் கேட்டே பாதிப் பேரின் பொறுமையைச் சோதித்திருந்தாள்.

மூன்றாவது மாடியில் அலுவலகம். கீழே செருப்பு மொத்த வியாபாரம், அதனால் படிக்கட்டு முழுக்க ரப்பர் வாசனை. ஒன்பது பேர், ஒன்பது நாற்காலி, அதில் ஒன்றுக்குச் சக்கரம் கழன்று போய் யார் தாமதமாக வருகிறார்களோ அவர்களுக்கு அது. அங்கே சாட்பாட் செய்து கொடுத்தார்கள். பல் மருத்துவமனை, பயிற்சி வகுப்பு, பரிசோதனைக் கூடம் என்று எதன் வலைப்பக்கத்தைத் திறந்தாலும் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்து, "வணக்கம், நான் எப்படி உதவலாம்?" என்று கேட்கிறதே, அதுதான். உதவுகிறதோ இல்லையோ, கேட்பதில் குறை வைக்காது.

இப்படி ஒவ்வொரு பெட்டியையும் அடியிலிருந்து யாரும் எழுதுவதில்லை. கேள்வியை வாங்குவது, முன்பு பேசியதை ஞாபகம் வைப்பது, பதிலைத் தேடி எடுப்பது போன்ற அடிப்படை வேலைகளையெல்லாம் செய்து முடித்த ஒரு கட்டு தயாராகக் கிடைக்கும். ஃபிரேம்வொர்க் என்பார்கள். அதை வாங்கி, அதன் மேல் அந்தந்த இடத்துக்குத் தகுந்த பேச்சை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. இவர்களும் ஒரு பெரிய கம்பெனியின் ஃபிரேம்வொர்க்கை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பது அந்தப் பெரிய கம்பெனிக்கு மட்டுமே வெளிச்சம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு புகார் வந்தது. வயதானவர் ஒருவர் இன்சுலின் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு வந்து, காத்திருக்கும் நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்துவிட்டார். நெற்றியில் மூன்று தையல், ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். பெட்டிதான் அப்படி வரச் சொன்னது என்று அவர் வீட்டு மருமகள் சொல்கிறாளாம்.

அலுவலகத்தில் ஒரு விதி உண்டு: எந்தப் புகாரையும் நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவைக்க வேண்டும். முடிக்கிறபோது காரணம் குறிக்க வேண்டும். காரணத்தை யோசித்து எழுதுகிற சிரமம்கூட வேண்டாம் என்று ஒன்பது காரணங்களைப் பட்டியலாகப் போட்டு வைத்திருந்தார்கள். ஒன்றைத் தொட்டால் போதும். அன்றைக்குக் குடைச்சலின் தலையில் ஏழு புகார்கள். வேறொரு வாடிக்கையாளரின் பெட்டி முழுவதுமாகப் படுத்துக்கிடந்தது. முதலாளி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவள் இந்தப் புகாரைத் திறந்தாள், முதல் இரண்டு வரியைப் பார்த்தாள், பட்டியலில் மூன்றாவது காரணத்தைத் தொட்டாள், மூடினாள். மூன்றாவது காரணம், "பயனர் தெளிவாகக் கேட்கவில்லை."

எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிறவள் அன்று கேட்கவில்லை. முப்பது வினாடிகூட ஆகியிருக்காது.

மூன்று வாரம் கழித்து அந்த மருமகள் நேரில் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். பரிசோதனைக் கூடம் அவள் வீட்டுக்கு அனுப்பிய கடிதம். "தீர விசாரித்ததில், பயனர் தெளிவாகக் கேட்கவில்லை என்று தெரியவருகிறது" என்று இருந்தது. தீர விசாரித்தார்களாம்! 

"நான் எங்க தெளிவா கேக்கலன்னு காட்டுங்க, போயிடுறேன்," என்றாள் மருமகள். "என் போன்ல தேடிப் பார்த்தேன், ஒண்ணுமே இல்ல."

இருக்காது. அந்தப் பெட்டியில் பேசியது ஒரு நாளில் போனிலிருந்து தானாக அழிந்துவிடும். அலுவலகத்தில் மட்டும் பதிவு இருக்கும். குடைச்சல் அவளைச் சக்கரம் இருக்கிற நாற்காலியில் உட்காரவைத்து, பதிவைத் திறந்து, இந்த முறை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"நாளைக்கு என் மாமனாருக்கு மூணு மாச சர்க்கரை டெஸ்ட். அவருக்குக் காலைல இன்சுலின் போடலாமா?" என்று மருமகள் கேட்டிருந்தாள். "வழக்கம்போல் மருந்து எடுத்துக்கொள்ளலாம். வெறும் வயிற்றில் வரவும்" என்றது பெட்டி. அவள் அதோடு விடவில்லை. "இன்சுலின் போட்டுட்டு சாப்பிடாம இருந்தா மாமாவுக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று மறுபடி கேட்டிருந்தாள். "பரிசோதனை முடியும்வரை உணவு வேண்டாம்" என்று பெட்டி கறாராகச் சொல்லிவிட்டது. இதைவிடத் தெளிவாக யாரால் கேட்க முடியும்?

குடைச்சல் முந்தைய வாரத்துப் பதிவையும் தேடி எடுத்தாள். அதே எண்ணிலிருந்து மருமகள் தனக்கென்று கொழுப்புப் பரிசோதனைக்குப் பதிவு செய்திருந்தாள். அதற்குப் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடக் கூடாது. மாமனாரின் பரிசோதனைக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் கிடையாது. அவர் வழக்கம்போல் ஊசி போட்டுக்கொண்டு, தாராளமாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம். பெட்டி ஒரு போன் எண்ணை ஒரு ஆள் என்று எடுத்துக்கொண்டது. மருமகளின் பட்டினியையும் மாமனாரின் ஊசியையும் ஒரே உடம்பில் ஏற்றிவிட்டது. இரண்டு பதிலும் சரி, ஆள்தான் வேறு.

"நீங்க ரொம்பத் தெளிவாத்தான் கேட்டிருக்கீங்க," என்றாள் குடைச்சல். "தப்பு எங்க மேல."

எங்க மேல என்றுதான் சொன்னாள். என் மேல என்று சொல்ல வாய் வரவில்லை.

"அப்படின்னா இதை எங்க வீட்ல வந்து சொல்லுங்க," என்றாள் மருமகள்.

அன்று சாயங்காலமே பதிவை அச்செடுத்துக்கொண்டு போனாள். நான்காவது தெரு, மாடிப்படிக்கு அடியில் இரண்டு சைக்கிள் நிற்கிற வீடு. மாமனார் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜன்னலோரக் கட்டிலில் தலைகாணியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் தையல் போட்ட தடம் இன்னும் சிவப்பாக இருந்தது. மகன் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தான். தாளை வாங்கிப் படித்தான். இரண்டாவது முறையும் படித்தான்.

"போன தடவ ஒரு பேப்பர் அனுப்புனீங்க. இவ தெளிவா கேக்கலன்னு இருந்துச்சு. இப்ப ஒரு பேப்பர் கொண்டு வந்திருக்கீங்க. தெளிவா கேட்டான்னு இருக்கு. அடுத்த வாரம் மூணாவது பேப்பர் வருமா?"

"இல்லீங்க, இது நிஜமான பதிவு..."

"அதுவும் உங்க பேப்பர், இதுவும் உங்க பேப்பர். இவ உங்க ஆபீஸுக்கு வந்து அழுதிருப்பா, பாவம்னு நீங்க எழுதிக் கொடுத்திருப்பீங்க. உங்க மெஷினை நீங்களே திறந்து, நீங்களே பார்த்து, நீங்களே சொன்னா நாங்க எப்படிங்க நம்புறது?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. கெட்டவன் அல்ல அவன், அப்பாவை ரத்தத்தோடு தூக்கிக்கொண்டு ஓடியவன். கட்டிலில் இருந்த பெரியவர் யாரையும் பார்க்காமல், "நேரமாச்சு. ஊசியப் போட்டு விடுடா," என்று மகனைக் கூப்பிட்டார். வாசல்வரை வந்து வழியனுப்பியபோது மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "ஒம்பது வருஷமா நான்தான் மேடம் போட்டுவிட்டேன். இப்ப என் கையால வேணாம்னுட்டாரு. சொந்தக்காரங்க எல்லாம் வந்து பார்த்துட்டுப் போறாங்க. வேணும்னே பண்ணியிருப்பாளோன்னு ஒருத்தர் சமையலறை வாசல்லயே நின்னு கேட்டாங்க."

குடைச்சல் அந்தப் படிகளை எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. தன் ஒரு விரல் பட்ட வேகத்தில் ஒரு பெண்ணின் பேர் அந்த வீட்டில் கெட்டுப்போயிருக்கிறது. அதைத் துடைக்காமல் தனக்குச் சோறு இறங்காது என்று அவளுக்குப் பட்டது.

முதலில் நேர்வழியில் போய்ப் பார்த்தாள். பெரிய கம்பெனிக்கு எழுதினாள். ஒரு எண்ணில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆள் இருந்தால் பெட்டி கலந்துவிடுகிறது, உள்ளே எப்படிக் கலந்தது என்று காட்டுங்கள், முடிந்தால் மாற்றுங்கள் என்று கேட்டாள். பத்து நாளில் மரியாதையாகப் பதில் வந்தது. இது குறை அல்ல, வடிவமைப்பே அப்படித்தான். உள்ளே இருப்பதைக் காட்டுவதற்கில்லை. மேலும் உங்களைத் தவிர வேறு எந்த வாடிக்கையாளரும் இப்படிக் கேட்டதில்லை. கடைசி வரியைப் படித்தபோது குடைச்சலுக்குக் காது சூடேறியது.

முதலாளியிடம் போனாள். அவர் அவளை மதிப்பவர், ஆனால் மாதக் கடைசியை நினைத்தே வாழ்பவர். "அது அவங்க கட்டின வீடும்மா. நாம வாடகைக்கு இருக்கோம். சுவத்த இடிக்க முடியுமா? வேணும்னா கீழ ஒரு வரி போட்டுடலாம், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும்னு."

"அப்ப நான் வேற வீடு கட்டுறேன் சார்."

"கட்டு. ஆபீஸ் நேரத்துல கட்டாதே."

அவர் அதை விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

கட்டுவதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பெட்டி தப்புச் செய்கிற இடத்தில் மனுஷர் ஏன் தப்புச் செய்வதில்லை? ஒரு சனிக்கிழமை காலையில் பரிசோதனைக் கூடத்துக்குப் போய், விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தாள். ஜன்னலில் இருந்தவளை வருகிறவர்கள் வயது வித்தியாசம் பார்க்காமல் அக்கா என்றே கூப்பிட்டார்கள், அதனால் எல்லோருக்கும் ஜன்னல் அக்கா. உண்மையில் குடைச்சலைவிட எட்டு வயது சின்னவள். நாக்கு மட்டும் நூறு வயது மூத்தது.

யார் வந்து என்ன கேட்டாலும் ஜன்னல் அக்கா முதலில் பதில் சொல்லவில்லை. "யாருக்கு?" என்று கேட்டாள். அப்பாவுக்கு, பொண்ணுக்கு, வீட்டுக்காரருக்கு, பக்கத்து வீட்டு அம்மாவுக்கு, ரெண்டு எனக்கு ஒண்ணு மாமியாருக்கு. குடைச்சல் நோட்டில் கோடு போட்டு எண்ணினாள். அந்தக் காலையில் வந்தவர்கள் அறுபத்து நான்கு பேர். அதில் நாற்பத்தொரு பேர் வேறு யாருக்கோ கேட்க வந்தவர்கள். உலகத்தில் பாதிப் பேர் அடுத்தவருக்காகத்தான் கேட்கிறார்கள். அவள் பதினாறு வருஷமாக எழுதிய எந்தப் பெட்டியிலும் அதற்கு ஒரு இடம் இல்லை. கேட்பவர் என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். ஐந்திலிருந்து ஏழு வரை, அலுவலகச் சாமான் எதையும் தொடாமல், சொந்தக் கணினியில், முதல் வரியிலிருந்து ஒரு புது ஃபிரேம்வொர்க். அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர், அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கழற்றி மறுபடி பொருத்துகிற ரகம். அவருக்கே இது அதிகமாகப் பட்டது.

"ஊர்ல இத்தனை பேர் அதையே வச்சுப் பொழைக்கிறாங்க. நீ மட்டும் எதுக்குப் போய் முட்டிக்கிற?"

"தப்பு நடந்திருக்குங்க."

"பெட்டி பண்ணின தப்பு."

"பெட்டி பண்ணினதை அந்தப் பொண்ணு தலையில கட்டினது நான்."

அவர் எழுந்து போய் இன்னொரு காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அதன் பிறகு இந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை, காபியையும் நிறுத்தவில்லை.

முதல் வடிவம் இரண்டு மாதத்தில் ஓடியது. ஓடியது என்று சொல்லக் கூடாது, நொண்டியது. ஜன்னல் அக்காவின் சாப்பாட்டு வேளையில் கொண்டுபோய்க் காட்டினாள். ஒவ்வொரு வரிக்கும் அது "யாருக்கு?" என்று கேட்டது. ஜன்னல் அக்கா நாலு வரி அடித்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"யாருக்கு, யாருக்குன்னு என்ன இது, உயிரை வாங்குது! இப்படி நான் கேட்டேன்னா ஜன்னலைப் பேத்துடுவாங்க. நான் ஒரு தடவதான் கேப்பேன். நடுவுல பேச்சு வேற ஆள்மேல போனா எனக்கே தெரிஞ்சிடும்."

"எப்படித் தெரியும்?"

"எப்படின்னா... தெரியும். அதையெல்லாம் எப்படிச் சொல்றது?"

அந்தத் தெரியும் என்ற ஒரு வார்த்தையில் குடைச்சல் ஏழு சனிக்கிழமை உட்கார்ந்தாள். ஜன்னல் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஒன்றும் பிடிபடவில்லை. எட்டாவது சனிக்கிழமை கையைப் பார்த்தாள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு துண்டுச் சீட்டு மேசைமேல் விழுந்தது. அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தால் விரல் அம்மாவின் சீட்டுக்குப் போனது. மகனைப் பற்றி என்றால் மகன் சீட்டுக்கு. பேச்சு எந்தச் சீட்டுக்கு உரியது என்று தெரியாதபோது விரல் அந்தரத்தில் நின்றது. அப்போது மட்டும்தான் "யாருக்குச் சொல்றீங்க?" என்று கேட்டாள். ஒரு சீட்டிலிருந்து இன்னொரு சீட்டுக்கு எதையும் அவள் பார்த்து எழுதவே இல்லை. பதினொரு வருஷமாக இப்படிச் செய்கிறாள், அவளுக்கே தெரியாது.

"நீங்க ஒரு மேதை," என்றாள் குடைச்சல்.

"அதைச் சம்பளம் போடுறவர்கிட்ட சொல்லுங்க," என்றாள் ஜன்னல் அக்கா.

எழுதிய முக்கால்வாசியை அழித்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தாள். இந்த முறை சீட்டுதான் அடிப்படை. ஒரு எண்ணுக்குப் பின்னால் எத்தனை பேர் இருந்தாலும் ஆளுக்கு ஒரு சீட்டு. பேச்சு எந்தச் சீட்டைத் தொடுகிறது என்று பெட்டி பார்க்கும்; சந்தேகம் வந்தால் ஊகிக்காது, கேட்கும். இன்னொன்றும் சேர்த்தாள். எந்தப் பதிலையும் விரலால் அழுத்தினால், அதன் ஒவ்வொரு துண்டும் எந்தச் சீட்டிலிருந்து வந்தது என்று கீழே விரியும். பெட்டி இனி எதையும் மூடிவைத்துக்கொண்டு பேச முடியாது. கடைசியாக, வேண்டுமென்றே ஒரு விசையும் வைத்தாள். அதைத் திருப்பினால் எல்லோரும் ஒரே சீட்டுக்குள் போய்விடுவார்கள், பழைய ஃபிரேம்வொர்க் நடந்துகொண்ட மாதிரியே. யாரும் விரும்பிப் பயன்படுத்தப் போகாத விசை. ஆனால் ஒரு வீட்டுக்கு அது தேவைப்பட்டது.

எழுதி முடித்ததும் முதலாளி பார்த்தார். அசந்துவிட்டார். நாமே விற்கலாமே என்றார், நல்ல விலைக்கு. வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் மயங்கியிருப்பாள், அதில் தப்பும் இல்லை. குடைச்சல் முடியாது என்று சொல்லிவிட்டாள். விற்றால் மறுபடியும் அது பூட்டிய பெட்டி, நீங்களே திறந்து நீங்களே பார்த்து நீங்களே சொல்கிற சங்கதி. அந்த மகன் கேட்ட கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு: தனக்குச் சம்பந்தமே இல்லாத யாரும் திறந்து பார்க்கும்படி இருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை காலையில் முழு நிரலையும் இணையத்தில் வைத்தாள். யாரும் எடுக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், காசு வேண்டாம். "யாருக்கு" என்றே அதற்குப் பெயர் வைத்தாள்.

உலகம் உடனே திரண்டு வந்துவிடவில்லை. மூன்று வாரத்தில் நான்கு பேர் பிடித்திருக்கிறது என்று அந்தப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருந்தார்கள், அதில் ஒன்று அவள் கணவருடையது. நான்காவது வாரம் எங்கோ ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெட்டி செய்து கொடுத்தவர் எழுதினார்: மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு தாய்க்கு எங்கள் பெட்டி பெரிய பிள்ளையின் தேர்வுத் தேதியைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டது, நாங்களும் அந்தத் தாய் குழப்பிக்கொண்டார் என்றே நினைத்தோம். அடுத்து காது கேட்கும் கருவி விற்கிற இடம் ஒன்று. அதற்கடுத்து ஒரு கால்நடை மருத்துவர். இரண்டு நாய் வளர்க்கிறவருக்கு மாத்திரை அளவு மாறிப்போனதாம். எல்லோரும் அதே பழைய ஃபிரேம்வொர்க்கை வாடகைக்கு எடுத்தவர்கள். வேறு யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று எழுதியவர்களை நினைத்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

முகம் தெரியாத ஒருத்தி, வேறு ஏதோ நாட்டுக்காரி, நிரலை வரி வரியாகப் படித்து ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னாள். பிறந்த தேதி ஒன்றாக இருந்தால் இரண்டு சீட்டும் ஒட்டிக்கொள்கின்றன; இரட்டைப் பிள்ளைகள் வந்தால் என்ன செய்வாய்? குடைச்சல் தலையில் அடித்துக்கொண்டாள். தன் கண்ணில் ஏழு மாதமாகப் படாதது அவளுக்கு ஒரே நாளில் பட்டிருக்கிறது. அவமானமாக இருக்க வேண்டிய நேரம், ஆனால் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். திறந்து வைத்ததால்தானே பிடிபட்டது என்று கணவரிடம் நாலு தடவை சொன்னாள்.

ஓட்டையை அடைத்த மறுநாள் மருமகளுக்குப் போன் செய்தாள். "உங்க வீட்டுக்கு வேண்டியவங்க, கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா? எனக்குத் துளியும் பழக்கம் இல்லாதவங்களா இருக்கணும்."

மகனோடு படித்த நண்பர் ஒருவர் கல்லூரியில் கணினி சொல்லிக்கொடுக்கிறவராம். மகன்தான் அவரிடம் பேசினான். வாத்தியார் இணையத்திலிருந்து "யாருக்கு"வை இறக்கிக்கொண்டு, இரண்டு வாரம் படித்தார். குடைச்சலுக்கு ஒரு கேள்வியும் அனுப்பவில்லை. அவளும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அந்த இரண்டு வாரமும் அவள் வீட்டில் எல்லோரும் அவளை விட்டு இரண்டடி தள்ளியே நடந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் எல்லோரும் அந்த வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். வாத்தியார் தன் மடிக்கணினியைக் கட்டிலருகே ஒரு நாற்காலியில் வைத்தார், பெரியவருக்குத் தெரிகிறபடி. குடைச்சல் சுவரோரம் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தாள். எதையும் தொடுவதில்லை என்று சொல்லித்தான் வந்திருந்தாள்.

"நீங்க அன்னிக்கு என்ன கேட்டீங்களோ அதை ஞாபகத்துலேருந்து சொல்லுங்கம்மா. பேப்பரைப் பார்க்க வேணாம்," என்றார் வாத்தியார்.

மருமகள் சொன்னாள். முந்தைய வாரம் தனக்குப் பதிவு செய்ததிலிருந்து ஆரம்பித்தாள். அவர் சொல்லுக்குச் சொல் அடித்தார். முதலில் விசையைத் திருப்பி, எல்லோரும் ஒரே சீட்டு. பெட்டி சொன்னது: வழக்கம்போல் மருந்து எடுத்துக்கொள்ளலாம், உணவு வேண்டாம். பெரியவர் முன்னால் குனிந்தார். வாத்தியார் அந்தப் பதிலை அழுத்தினார். மருந்து, மாமனாரின் கேள்வியிலிருந்து. உணவு வேண்டாம், மருமகளின் கொழுப்புப் பரிசோதனையிலிருந்து. இப்போது விசையை மறுபக்கம் திருப்பி, அதே கேள்வியை ஒரு எழுத்து மாற்றாமல் அடித்தார். "மாமனாருக்கு: வழக்கம்போல் இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு வரலாம்."

"டேய்," என்றார் வாத்தியார் மகனிடம், "உன் வீட்டம்மா மேல ஒரு தப்பும் இல்ல. நானே கேட்டிருந்தாலும் உங்க அப்பாவுக்கு இதே கதிதான். இதைப் பாரு, இன்னும் மூணு இடத்துல இப்படியே நடந்திருக்கு." பள்ளிக்கூடக்காரர், காது கருவிக்காரர், நாய் மருத்துவர் எழுதியதையெல்லாம் படித்துக் காட்டினார்.

மகன் தலையைக் குனிந்துகொண்டான். "பேப்பர்ல போட்டிருந்துச்சேன்னு நம்பிட்டேன்," என்றான்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "நான் உன்னை ஒரு வார்த்தை தப்பா சொன்னேனாம்மா?"

"சொல்லல மாமா. ஊசிய மட்டும் உங்க பையன் கையில கொடுத்துட்டீங்க."

பெரியவரின் கண் கலங்கியது. அவர் மருமகளின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார், அவள் உட்கார்ந்தாள். வாத்தியார் மடிக்கணினியை மூடினார். அத்தோடு எழுந்து போயிருக்கலாம் குடைச்சல். அவளைப் புகழ அந்த வீடே தயாராக இருந்தது. மகன் நன்றி சொல்ல வாயெடுத்துவிட்டான். ஆனால் அவள் எழுந்து நின்று, மருமகளைப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னொண்ணு இருக்குங்க. தெளிவாகக் கேட்கவில்லைன்னு போட்டது கம்பெனி இல்ல. நான்தான். எங்ககிட்ட ஒம்பது காரணம் பட்டியலா இருக்கும். அவசரத்துல மூணாவதைத் தொட்டேன். நீங்க கேட்டிருந்ததை நான் முழுசாப் படிக்கவே இல்ல. இத்தனை நாள் இதைச் சொல்லாம இருந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

மகனின் முகம் மாறியது. மருமகள் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிக்கவே இல்லியா?"

"இல்ல."

"வேற யாராவது?"

"யாருமே படிக்கல."

மருமகள் ஒரு பெரிய மூச்சை விட்டாள். முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டாள்.

"நல்லவேளை மேடம்," என்றாள். "இந்த வீட்டுலேருந்து போன எல்லா லெட்டரும் நான் எழுதினதுதான். பிள்ளைங்க ஸ்கூலுக்கு, கரண்ட் ஆபீஸுக்கு, எல்லாத்துக்கும். பத்தாவதுதான் படிச்சிருக்கேன், ஆனா தெளிவா எழுதுவேன்னு எனக்கு ஒரு நெனப்பு உண்டு. பெரிய படிப்பு படிச்சவங்க யாரோ என் கேள்விய முழுசாப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் அப்படிப் போட்டாங்கன்னு இருந்தேன். அந்தக் கடுதாசி வந்த அன்னிலேருந்து ஒரு வரிகூட நான் எழுதல."